சவர நாற்காலியில் பேசக் கூடாது

மருதை துண்டை உதறிக் கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டதும் நான் வாயை மூடிக்கொண்டேன். இனி அவன் படிகாரக் கட்டியைத் தேய்த்து, முகத்தைத் துடைத்து, துண்டை எடுக்கிற வரை நான் பேசக் கூடாது. பொன்மலையில் சாயங்காலம் குத்துச்சண்டை ரிங்கில் ஏறப் போகிறவன் காலையில் மருதை கடைக்கு வந்து சவரம் செய்துகொள்ள வேண்டும், செய்துகொள்ளும்போது ஊமையாக இருக்க வேண்டும். என்றைக்கோ ஒருத்தன் இதே நாற்காலியில் வாய் ஓயாமல் பேசியதில் தாடை அசைந்து கத்தி கீறிவிட்டதாம், அந்தக் கீறலை எதிராளி முதல் ரவுண்டிலேயே பிளந்துவிட்டானாம். அன்றிலிருந்து நாற்காலியில் பேசியவன் ஏறக் கூடாது என்று ஆகிவிட்டது. பேசிவிட்டால் பட்டியலில் பெயரை அடித்துவிடுவார்கள். ஏன் எதற்கு என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள், கேட்பது மரியாதை இல்லை. எனக்குத் தெரிந்து இரண்டு பேர் பேசியிருக்கிறார்கள். ஒருத்தனுக்கு நல்ல ஜுரம். இன்னொருத்தனுக்கு என்னவென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நான் பதினோரு தடவை இங்கே உட்கார்ந்து வாயைத் திறக்காமல் எழுந்து போயிருக்கிறேன், பதினோரு தடவையும் ஜெயித்திருக்கிறேன். தோற்ற வருஷங்களிலும் பேசவில்லை, அது வேறு கணக்கு. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. என்னை வைத்துக்கொண்டே என்னை அலசுவார்கள். நான் பாட்டுக்குக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

பிரஷ் கன்னத்தில் குளிர்ச்சியாகச் சுற்றுகிறது. பின்னால் ராயப்பன் ஆரம்பித்துவிட்டார். ரயில்வே பணிமனையில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர், எதையும் மேலே உட்கார்ந்து பார்த்தே பழக்கம். "டெரிக் நல்ல வயசுல இருந்து, நம்ம இன்னாசியும் நல்ல வயசுல எதிர்ல நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்? சொல்லு பாப்போம்" என்கிறார். இன்னாசி நான்தான், டெரிக் எனக்கு முந்தின சாம்பியன். பக்கத்தில் ஆட்டோ ஓட்டுகிற குணா. சாயங்காலம் எனக்கு எதிரே நிற்கப் போகிற திலீபனோடு தினம் ஜிம்முக்குப் போகிறவன். "செத்துப்போனவர எதுக்கு பெரியப்பா எழுப்பறீங்க. சாயங்காலத்துக்கு வாங்க" என்கிறான். "வரேன். இருபத்தஞ்சு வயசு இன்னாசி முன்னாடி இந்த திலீபன நிறுத்தினா மூணாவது ரவுண்டுக்கு மணியே அடிக்க வேண்டாம்." "இருபத்தஞ்சு வயசு அண்ணன் சாயங்காலம் வரப்போறதில்லயே. நாப்பத்திரெண்டு வயசு அண்ணன்தான வர்றாரு." குணா அதை மரியாதையாகத்தான் சொன்னான். கண்ணாடியில் என்னைப் பார்த்து லேசாகத் தலையைக்கூட ஆட்டினான். நானும் அவனைப் பார்த்தேன். வலது கண்ணால்.

இடது கண்ணில் ராயப்பன் இல்லை. இடது கண்ணில் அடியில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு இருக்கிறது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. பிப்ரவரியில் ஒரு நாள் காலை பணிமனை கேட்டுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஓரத்தில் யாரோ கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு கூடவே வருகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஆளில்லை. குடை மட்டும் நாளுக்கு நாள் கிட்டே வந்தது. டவுனில் ஒரு டாக்டரிடம் தனியாகப் போனேன். உள்ளே இருக்கிற திரை கழன்றுவிட்டது, ரொம்ப நாள் கழித்து வந்திருக்கிறீர்கள், இனி ஒட்ட முடியாது என்றார். நான் சரி என்றேன், கடையில் சாமான் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் சரி என்பதைப் போல. பிறகு மெல்ல என் வலது கண்ணுக்குள் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். இதுவும் அதே மாதிரி மெலிந்துதான் இருக்கிறது, பொத்திப் பாதுகாக்க வேண்டும், ஒரு அடி பட்டால் போதும் என்றார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். பெயிண்ட் ஷாப் என்றேன். அது பொய்யில்லை.

ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலில் ஒரு தேக்குப் பலகை இருக்கிறது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை யார் ஜெயித்தானோ அவன் பெயரை மஞ்சள் பெயிண்டில் எழுதுவார்கள். எழுதுவது எங்கள் பெயிண்ட் ஷாப் ஆள்தான். டெரிக் பெயர் பன்னிரண்டு இடத்தில் இருக்கிறது. இன்னாசிமுத்து பதினொன்று. சாப்பாட்டு வேளையில் நான் எத்தனை நாள் அந்தப் பலகை முன்னால் போய் நின்றிருக்கிறேன் என்று என் பெண்டாட்டி எமிலிக்குத் தெரிந்தால் சிரிப்பாள். ஒன்றே ஒன்று. ஒன்று கிடைத்தால் நானும் அவரும் சமம், அதற்கப்புறம் கிளவுஸை ஆணியில் மாட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒழுங்காகப் பூசைக்குப் போவேன் என்று மாதாவிடம்கூடச் சொல்லியாயிற்று. ஃபிட்னஸ் பார்க்க வந்த டாக்டரைச் சமாளித்தது ஒன்றும் பெரிய காரியமில்லை. எனக்கு முன்னால் நின்றவன் சுவரில் இருந்த எழுத்துகளை மேலிருந்து கீழே உரக்க வாசித்தான். நான் மனப்பாடம் செய்துகொண்டேன். என் முறை வந்ததும் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு இருட்டைப் பார்த்து ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தேன். பேஷ், இந்த வயசில் இப்படி ஒரு கண்ணா என்றார் அவர்.

கத்தி தீட்டுகிற சத்தம். மருதை எப்போதும் வலது கன்னத்திலிருந்துதான் ஆரம்பிப்பான். காதோரம் கத்தியை வைத்து ஒரே இழுப்பு. எத்தனை வருஷமாக இந்தக் கை என் முகத்தில் இருக்கிறது. காலையில் சவரம் செய்வான், சாயங்காலம் ரிங்கில் என் மூலையில் ஸ்டூலோடு நிற்பான். ரவுண்டுக்கு நடுவே புருவம் கிழிந்திருந்தால் இதே படிகாரக் கட்டியைப் பொடித்து அழுத்தி ரத்தத்தை நிறுத்துவான். என் முகத்தில் எங்கே தோல் மெலிசு என்று என்னைவிட அவனுக்குத் தெரியும். அதனால்தான் போன மாசம் நடந்தது மறக்க மாட்டேன் என்கிறது. இடது காதோரம் முடி வெட்டக் கத்தரிக்கோலைக் கொண்டுவந்தான். நான் கண்ணாடியில் ராயப்பனையோ காலண்டரையோ பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று சத்தம் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் கத்தரிக்கோலின் நுனி என் இடது கண்ணுக்கு இரண்டு விரல் தூரத்தில் அப்படியே நிற்கிறது. எந்த மனுஷனுக்கும் இமை தானாக மூடிக்கொள்ளும், கைக்குழந்தைக்குக்கூட மூடும். என் இமை ஆடாமல் திறந்திருக்கிறது. மருதை கத்தரிக்கோலைப் பார்க்கவில்லை, கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். "இந்த வருசம் வெயில் ஐப்பசி வரைக்கும் போகும்போல" என்றான். ஆமாம் என்றேன். அவன் மிச்சத்தை வெட்டி முடித்தான்.

"நாலே நாலு சண்டை போட்டிருக்கான் உங்க திலீபன்" என்கிறார் ராயப்பன், "நாலும் சோப்ளாங்கிப் பயலுவ. அதுல ஒருத்தன் பாதியில செருப்பத் தேடிட்டுப் போயிட்டான். அடி வாங்காதவனப் பத்தி என்னத்த சொல்ல முடியும்? ஒருத்தன் மூஞ்சில ஒழுங்கா ஒண்ணு விழுந்தப்புறம் என்ன பண்றான்னு பாத்தாத்தான் அவன் யாருன்னு தெரியும்." அது சரியான பேச்சு. ராயப்பனுக்கு எப்போதாவது இப்படி வந்துவிடும். குணா விடவில்லை. "அண்ணன்கூட டெரிக்க அடிக்கறப்ப மூணு சண்டதான போட்டிருந்தாரு?" ஆமாம், மூன்று. எனக்கு இருபத்தொன்று, அவருக்கு நாற்பது. ஊரே டெரிக் துரை பதிமூன்றாவது தடவையும் தட்டிக்கொண்டு போவார் என்றது. மருதையின் அப்பா இருந்த காலம், இதே நாற்காலி, பெஞ்சில் வேறு ராயப்பன்கள். எல்லாரும் பேசிப் பேசி என் கதையை முடித்துவிட்டிருந்தார்கள், நான் நுரைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. முந்தின நாள் என் மாஸ்டர் என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப் போய், "அந்தாளுக்கு இடது தோள் தூக்க வரல. ஆஸ்பத்திரியில பாத்தவங்க சொன்னாங்க. வேற எங்கயும் அடிக்காத, அங்கயே போடு" என்றார். அங்கேயே போட்டேன். முதல் ரவுண்டில் நாலு, இரண்டாவதில் எண்ணவில்லை. நடுவே ஒரு தடவை கட்டிக்கொண்டு நின்றபோது டெரிக் என் முகத்தைப் பார்த்தார். கோபமில்லை. உனக்கு யார் சொன்னது என்று கேட்கிற பார்வை. நடுவர் பிரித்துவிட்டதும் திரும்பவும் அங்கேயே அடித்தேன். அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்புறம் சாகிறவரை டெரிக் இன்ஸ்டிட்யூட் கேன்டீனில் வலது கையால் மட்டும் டீ குடித்தார், இடது கையைக் கால்சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். நான் உள்ளே நுழைந்தால் ஹலோ சாம்பியன் என்பார். ஒரு நாளாவது என்னைத் திட்டியிருக்கலாம் அந்த மனுஷன்.

மருதை வலது பக்கம் முடித்துத் தாடைக்கு வந்துவிட்டான். தலையை நிமிர்த்து என்று விரலால் தொட்டுச் சொல்கிறான். கழுத்தில் கத்தி. விட்டத்தில் மின்விசிறி ஒரு பாதிதான் தெரிகிறது, மூக்கு மீதியை மறைக்கிறது. இப்படித்தான் சாயங்காலமும் இருக்கும். திலீபனின் இடது கை தெரியும், வலது கைக் குத்தான ரைட்டு கிளம்புவது தெரியாது. அவனுடைய ரைட்டு எனக்கு இடது பக்கம் வரும், குடைக்குள்ளிருந்து வரும். கையைக் கன்னத்தோடு ஒட்டி வைத்துக்கொள்ளலாம், தலையைத் திருப்பியே ஆடலாம், கயிற்றை இடது பக்கம் வைத்துக்கொண்டு சுற்றலாம். மூன்று மாசமாக இதைத்தான் யோசிக்கிறேன். மூன்று ரவுண்டு, ஒன்பது நிமிஷம். ஒன்பது நிமிஷத்தில் ஒன்றே ஒன்று தப்பி வந்து வலது கண்ணில் பட்டால் என்ன என்பதை மட்டும் யோசிக்காமல் தள்ளி வைத்திருந்தேன், அது தள்ளினால் போகிற சாமான் இல்லை. போன வாரம் குளியலறையில் வலது கண்ணை மூடிப் பார்த்தேன். அங்கிருந்து அடுப்படிக்கு எத்தனை அடி என்று எண்ணிக்கொண்டு நடந்தேன். ஒன்பது அடி வைத்ததும் வாளியில் இடித்துக்கொண்டேன். என்ன சத்தம் என்றாள் எமிலி. வழுக்கிவிட்டது என்றேன். அவள் வந்து தண்ணீரைத் துடைத்தாள். அவள் குனிந்து துடைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், உச்சியில் புதிதாக நரைத்திருந்தது. இதை இன்னும் எத்தனை நாள் பார்ப்பேன் என்று தோன்றியதும் எனக்குப் பயம் வந்தது. ரிங்கில் வருகிற பயம் இல்லை இது, அது ஏறினதும் போய்விடும். இது அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

எமிலி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கல்யாணமான நாளிலிருந்து தண்ணீர் டம்ளரைத் தட்டுக்கு இடது பக்கம்தான் வைப்பாள். சோற்றுக் கை எச்சில், இடது கையால் எடுத்துக் குடிக்கிற வழக்கம் எனக்கு. இப்போது கொஞ்ச நாளாக டம்ளர் வலது பக்கம் இருக்கிறது. எப்போதிலிருந்து? நான் ஒரு நாள் டம்ளரைத் தட்டிவிட்டேனே, மே மாசமா, ஜூனா? அன்றிலிருந்து வலது பக்கம். ஒரு வார்த்தை கேட்கவில்லை அவள். நானும் எதற்கு இடம் மாற்றினாய் என்று கேட்கவில்லை. நான் மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிற வீட்டில் அவள் மூன்று வேளையும் டம்ளரை மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க" என்கிறார் ராயப்பன், "உங்காளுக்கு ரைட்டே கெடையாது. போன வாரம் பிராக்டிஸ்ல பாத்தேன். லெப்டு, லெப்டு, லெப்டு. ஒத்தக் கையால இன்னாசிய அடிக்க முடியுமா?" எனக்குத் தோள் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது, வெட்கமாகவும் இருந்தது. "ரைட்டு இல்லயா?" குணா பெஞ்சிலிருந்து எழுந்தேவிட்டான். "பெரியப்பா, அவன்கிட்ட இருக்கறதே ரைட்டுதான். மணல் மூட்டையில அவன் ரைட்டு போட்டா நான் பின்னாடி ரெண்டு கையாலயும் புடிச்சுக்கணும்." "அப்பறம் ஏன் போட மாட்டேங்கறான்?" "அதான் தெரியல. பதினஞ்சு நாளா எதிர்ல ஆள் நின்னா ரைட்டே போடறதில்ல. மாஸ்டர் கத்தறாரு, கேக்க மாட்டேங்கறான். இங்க வந்து முடி வெட்டிட்டுப் போனான் பாருங்க, அன்னிலேர்ந்து."

கத்தி என் தொண்டையில் ஒரு கணம் நின்று மறுபடி நகர்ந்தது. மருதை. நீயா? உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்? டெரிக்குக்குத் தண்ணீர்த் தொட்டி, எனக்கு இந்த நாற்காலி. என் மூலையில் ஸ்டூல் போடுகிறவன் போய் எதிராளி காதில் சொல்லியிருக்கிறான். ரைட்டை ஒளித்து வைத்துக்கொண்டு சாயங்காலம் எடுக்கப் போகிறான் அந்தப் பயல், அதுதான் விஷயம், ராயப்பன் மாதிரி ஆட்கள் எங்களுக்கு வந்து சொல்லட்டும் என்று லெஃப்டை மட்டும் காட்டியிருக்கிறான். துண்டைப் பிய்த்து எறிந்துவிட்டு மருதையின் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. பிடிக்க முடியாது. கத்தி இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, பேசக் கூடாது. கண்ணாடியில் அவன் முகத்தைத் தேடினேன். என் கண்ணைச் சந்திக்காமல் கத்தியிலேயே பார்வையாக இருந்தான். அவன் நெற்றியில் காலை எட்டு மணிக்கே வியர்வை.

"நேத்து சாயங்காலம் நானே கேட்டுட்டேன்" என்று குணா சொல்லிக்கொண்டிருந்தான். குரலில் கடுப்பு. "கை ஏதும் வலிக்குதாடான்னேன். இல்லண்ணேங்கறான். அப்ப நாளைக்காவது போடுவியான்னேன். என்ன சொன்னான் தெரியுமா? ரைட்டு வேண்டாம்ணே, அண்ணன்கிட்ட லெப்டுலயே ஆடிக்கறேன், தோத்தா தோத்துட்டுப் போறேன்ங்கறான். எவ்வளவு திமிரு பாருங்க. பதினோரு தடவ ஜெயிச்ச மனுசன்கிட்ட ஒத்தக் கையால ஆடுவானாம்." ராயப்பனும் சேர்ந்துகொண்டார். "திமிருதான். அதுக்குத்தான் இன்னிக்கு வாங்கிக்கப் போறான்."

திமிர் இல்லை அது. இந்தக் கடையில் அது என்னவென்று புரிந்தவர்கள் இரண்டு பேர், ஒருத்தன் கத்தியை வைத்திருக்கிறான், இன்னொருத்தன் பேசக் கூடாதவன். மருதை போய்ச் சொன்னது அடிக்கச் சொல்லி இல்லை. அந்தப் பையனும் இதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பான், மருதை முடியை வெட்டிக்கொண்டே எதையோ சொல்லியிருப்பான், பையன் எழுந்து போய் ரைட்டை மடக்கி வைத்துவிட்டான். இருபத்திரண்டு வயசு. எனக்கு அந்த வயசில் ஒரு மனுஷனின் தோள் கழன்றிருக்கிறது என்று சொன்னார்கள், நான் சந்தோஷமாக அங்கேயே அடித்தேன். இவனிடம் என் கண் போய்விட்டது என்று சொன்னதும் கையைக் கட்டிக்கொண்டான். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. யாருடா நீ எனக்கு விட்டுக்கொடுக்க. நாலு சண்டை போட்டவன் எனக்குப் பிச்சை போடுகிறாயா. அப்படியானால் ஜெயித்துவிடுவேன், அதுவும் தெரிந்தது. ஒத்தக் கை ஆளை ஒத்தக் கண்ணால் ஒன்பது நிமிஷம் ஆடி ஜெயித்துவிடலாம். பன்னிரண்டாவது தடவை மஞ்சள் பெயிண்டில் எழுதுவார்கள், நான் சாப்பாட்டு வேளையில் போய் நிற்பேன், அந்த ஒரு பெயரை மட்டும் பார்க்காமல் மற்ற பதினொன்றைப் பார்ப்பேன். இல்லாவிட்டால் இன்னொன்று நடக்கும். கை மனுஷன் பேச்சைக் கேட்காது. சூட்டில் நான் அவனுக்கு நன்றாக ஒன்று வைத்தால் அவன் கை தானாகக் கிளம்பிவிடும், கிளம்பினபிறகுதான் ஐயோ என்று நினைப்பான். நான் வீட்டில் ஒன்பது அடி எண்ணிக்கொண்டு நடப்பேன். அவன் நாற்பது வயசு வரைக்கும் இன்னாசியின் கண்ணைத் தூக்கிக்கொண்டு நடப்பான், நான் டெரிக்கின் தோளைத் தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி. இருபத்தொரு வருஷமாகத் தூக்குகிறேன். அது எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும்.

மாதா கோவிலில் இரண்டாம் பூசைக்கு மணி அடிக்கிறது. எமிலி முன்வரிசையில் மண்டியிட்டிருப்பாள். நான் ஜெயிக்க வேண்டும் என்று அவள் எந்த வருஷமும் வேண்டியதில்லை, முழுசாக வீட்டுக்கு வரட்டும் என்றுதான் வேண்டுவாள். மருதை கத்தியைத் துடைத்துவிட்டு என் முதுகுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போகிறான். போய்ச் சேர்ந்துவிட்டானா தெரியவில்லை. சோப்பு வாசனையும் அவன் மூச்சும் மட்டும் அங்கே இருக்கிறது. வலது பக்கம் மழுமழுவென்று, இடது பக்கம் நுரையோடு கண்ணாடியில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான். "சரி கடைசியா ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்கிறார் ராயப்பன், "வயசு கியசு எல்லாத்தயும் தள்ளு. இன்னிக்கு, இந்த இன்னாசி, அந்தத் திலீபன். யார் ஜெயிப்பா? நெஞ்சத் தொட்டுச் சொல்லு." குணா பதில் சொல்ல வாயெடுத்தான். எடுத்தவன் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுத் தயங்கினான். அவனுக்கு நல்ல மனசு, என் முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படுகிறான்.

"திலீபன்தான்" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நுரை உதட்டில் புகுந்து கசந்தது. ராயப்பன் பாதி எழுந்த நிலையில் நின்றார். "இன்னாசி, பேசிட்டியேடா" என்றார், சின்னப் பிள்ளையிடம் சொல்வதைப் போல, யாரும் கேட்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்று கடையைச் சுற்றிப் பார்த்தார். குணா கேட்டிருந்தான். தெருவில் பேப்பர் வாங்க நின்றிருந்த இரண்டு பேரும் கேட்டிருந்தார்கள். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. "அவன்ட்ட ரைட்டு இருக்கு குணா" என்றேன். இனி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். "நல்ல ரைட்டு. அடுத்த வருசம் தாராளமாப் போடச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு." குணா தலையை ஆட்டினான். ராயப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். பலகையில் பதினொன்று. டெரிக் பன்னிரண்டு. அப்படியே இருக்கட்டும், அவர் பெரியவர்.

பக்கத்தில் மருதையின் மூச்சு வேகமாக இருந்தது. கத்தியைப் பிடித்திருக்கிறானா கீழே வைத்துவிட்டானா, அந்தப் பக்கம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "மிச்சத்த முடி மருதை, பாதி மூஞ்சியோட எமிலி முன்னாடி போயி நிக்கவா?" என்றேன். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். ஒரு மாசமாகச் சொல்லாததை மெதுவாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"இடது பக்கம் கத்தி வைக்கிறேன் இன்னாசி."

"வை" என்றேன். இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டேன்.